கல் போயிருக்கும்

நீண்ட பதிவு. மொழியியல் மாணவர்களையும் மருத்துவ மாணவர்களையும் ஒருங்கே மனத்தில் வைத்து எழுதுகிறேன். இரு தரப்பினருக்கும் பாதி தெரிந்ததாகவே இருக்கும், மறுபாதிக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலாப்புறத்தில் திடீரென வலி கிளம்பினால் நம் நாட்டில் அதற்கு ஒரே பெயர்தான். தமிழில் கல், இந்தியில் பத்ரீ, தெலுங்கில் ராயி. நோயாளியே அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் வருகிறார். அதற்கு முன்பே பக்கத்து வீட்டார் வாழைத்தண்டுச் சாறு கொடுத்திருப்பார், மருந்துக்கடைக்காரர் வலிமாத்திரை கொடுத்திருப்பார். பெரும்பாலும் அந்தப் பெயர் சரியாகவும் இருக்கிறது. சிறுநீரகக் கல் அத்தனை பரவலான நோய். சிக்கல் தொடங்குவது ஸ்கேனில் கல் இல்லாதபோது. அப்போது சொல்லப்படும் வாக்கியத்தை இந்த ஓராண்டில் மூன்று மொழிகளில் கேட்டுவிட்டேன்: கல் போயிருக்கும்.

இலக்கண நோக்கில் சுவையான வாக்கியம் இது. ‘போனது’ என்பது கண்டவர் சொல்வது. ‘போயிருக்கிறது’ என்றால் ஏதோ ஒரு தடயம் கையில் இருக்கிறது. ‘போயிருக்கும்’ என்பதில் கண்டதும் இல்லை, தடயமும் இல்லை. ஊகம் மட்டுமே உண்டு. நடந்து முடிந்ததைப் பற்றிய ஊகத்தை எதிர்கால வடிவத்தைக் கொண்டு சொல்வது தமிழின் வழக்கம். இந்தியின் ‘நிகல் கயீ ஹோகீ’யும் அப்படியே, தெலுங்கின் ‘போயி உண்டுந்தி’யும் அப்படியே. மூன்று மொழியினரும் தத்தம் வீட்டில் அதை ஊகமாகவே புரிந்துகொள்கிறார்கள். ஆனால் வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் சொல்லும்போது அந்த ‘-உம்’ வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. வீடு வந்து சேரும்போது அது ‘கல் போய்விட்டது’ ஆகிவிடுகிறது.

அந்த ஊகம் பல நேரங்களில் மெய்தான். 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடுகின்றன. ஆனால் அதைச் சோதிக்க ஓர் எளிய வழியும் உண்டு. கல் போயிருந்தால் வலியும் போயிருக்க வேண்டும். வலி போகாமல் கல் மட்டும் போயிருந்தால், போனது கல்தானா என்று கேட்க வேண்டிய நேரம் அது.

என் முனைவர் பட்ட ஆய்வு தில்லியில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் பேச்சுமொழியைப் பற்றியது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் பக்கங்களிலிருந்து வந்து வீட்டு வேலையும் கட்டட வேலையும் செய்து வாழ்பவர்கள். களப்பணிக்காகச் சென்று பழகிய வீடொன்றுக்கு, ஊரிலிருந்து மகளைப் பார்க்க அக்கா ஒருவர் வந்திருந்தார். வயது 43. அவர் அனுமதியுடன்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. மகள் நான்கு வீடுகளில் வேலை செய்பவள்; இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் ஒரு வீடாவது கைவிட்டுப் போகும். ஆகவே வலி தொடங்கிய மூன்றாம் நாள் அவருடன் அரசு மருத்துவமனைக்குச் சென்றவள் நான்.

முதல் இரண்டு நாட்களில் நடந்தவை மகள் சொல்லித் தெரிந்தவை. அம்மா ‘இடது அள்ளையில புடிச்சிக்கிச்சி’ என்றிருக்கிறார். அள்ளை என்றால் விலாவெலும்புக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட பக்கவாட்டுப் பகுதி. மகள் அதை இந்தியில் ‘கமர் மே தர்த்’ என்று பெயர்த்திருக்கிறாள். கமர் என்பது இடுப்பு. முதுகின் கீழ்ப்பகுதியும் அதில் அடக்கம். தெருமுனைக் கிளினிக்கில் தசைப்பிடிப்பு என்று டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு அனுப்பினார்கள். இரவு இரண்டு முறை வாந்தி. மறுநாள் வேறோர் இடத்தில் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். கல் இல்லை, சிறுநீரகம் வீங்கவும் இல்லை. ‘பத்ரீ நிகல் கயீ ஹோகீ, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.’ மூன்றாம் நாள் இலேசான காய்ச்சலும் சேர்ந்துகொண்டது.

மகளின் மொழிபெயர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். இந்தியில் அள்ளைக்கு நேர்ச்சொல் ‘பஸ்லீ கே நீசே’ என்ற ஒரு சொற்றொடராகத்தான் கிடைக்கும்; வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு அது நாவில் வராதது குற்றமன்று. தமிழிலும் இந்த இடத்துக்குப் பொதுப்பெயர் ஒன்றில்லை என்பது வியப்பாகத்தான் இருக்கிறது. விலா என்போம், இடுப்பு என்போம், பக்கம் என்போம். எழுத்தில் மருங்கு என்போம். குழந்தையைத் தூக்கி வைக்கும் ஒக்கலையும் அருகில்தான் இருக்கிறது. சிறுநீரகம் என்ற சொல்லே பள்ளிப் புத்தகம் தந்தது. குண்டிக்காய் என்னும் பழைய பெயர் இன்று கறிக்கடையில் சில ஊர்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது. அக்காவுக்கு அந்த உறுப்பு ‘கிட்னி’.

அவசரப் பிரிவில் எங்களைப் பார்த்தவர் இளம் பயிற்சி மருத்துவர். என் வயதுதான் இருக்கும். முந்தைய நாள் அறிக்கையைப் படித்தார், மடித்து வைத்தார். பிறகு என்னிடம், “தர்த் ருக்-ருக் கர் ஹோதா ஹை, யா லகாதார்?” என்றார். விட்டுவிட்டு வருகிறதா, தொடர்ந்து இருக்கிறதா என்பது கேள்வி. கேட்டுச் சொன்னேன். அக்கா சொன்ன பதிலை அன்றைய குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “வுட்டு வுட்டுலாம் இல்ல பாப்பா. புடிச்சா புடிச்சதுதான். மூணு நாளா வுடவே இல்ல.”

கல் வலியின் இயல்பு அலையலையாக ஏறி இறங்குவது. சிறுநீர்க்குழாய் கல்லைத் தள்ளுவதற்காக இறுகித் தளர்கிறது. வலியும் அதனோடு ஏறித் தணிகிறது. நோயாளி ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல் புரளுவார், எழுந்து நடப்பார். அக்கா மூன்று நாளாக ஒருக்களித்துப் படுத்தபடியே இருந்தார். இது மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. கல் வலியும் சிலருக்கு விடாமல் இருப்பதுண்டு. ஆயினும் மருத்துவர் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அடுத்த கேள்வி, இதய நோய் ஏதும் உண்டா என்பது. அக்காவின் விடை தயங்காமல் வந்தது: “அதெல்லாம் ஒண்ணும் இல்ல.” அதையும் அப்படியே சொன்னேன். அவர் அக்காவின் மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு முழு நிமிடம், சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேள்வியை மாற்றினார். சிறுவயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா?

“வந்துச்சே. எட்டாவது படிக்கறப்ப. இந்த முட்டி வீங்கும், அது அடங்கி அந்த முட்டி வீங்கும். எங்கப்பா பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவாரு. இருபத்தோரு நாளைக்கு ஒரு ஊசி. சும்மா இல்ல, உயிர் போற ஊசி. கல்யாணம் ஆனதும் வுட்டுட்டேன்.”

நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே, இருபத்தொன்று என்ற எண்ணைச் சொன்னவுடனே, அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டார்.

இதய நோய் உண்டா என்ற கேள்விக்கு அக்கா சொன்னது பொய்யன்று. அவருடைய அகராதியில் இதய நோய் என்பது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் கீழே விழுவது. தமக்கு வந்தது முட்டி வீக்கம், போட்டது ஊசி. படி ஏறினால் மேல்மூச்சு வாங்குவது அவரைப் பொறுத்தவரை இரத்தம் குறைவாக இருப்பதால். இந்த மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்பதை அவருக்கு யாரேனும் எப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் அது பதின்மூன்று வயதுச் சிறுமியின் தந்தையிடம் சொல்லப்பட்டிருக்கும். சமூக மொழியியலில், கேள்வியின் சொல்லும் விடையளிப்பவரின் சொல்லும் ஒரே பொருளைச் சுட்டுகின்றனவா என்று வகுப்பில் பக்கம் பக்கமாக விவாதிக்கிறோம். அவசரப் பிரிவில் அதற்குக் கிடைப்பது அரை நிமிடம்.

இனி, நடந்தது என்ன என்பதைச் சொல்கிறேன். நான் மருத்துவம் படித்தவளில்லை. அந்த மருத்துவரும் பிறகு வார்டில் அவருடைய மூத்தவர்களும் விளக்கியதும், நான் நூலகத்தில் வாசித்ததும் சேர்ந்தது இது. பிழை இருந்தால் மருத்துவ நண்பர்கள் திருத்துங்கள்.

தொண்டையில் தொற்றும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க உடல் எழுப்பும் பாதுகாப்பு, ஆள்மாறித் தன் மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குவதே வாதக் காய்ச்சல். மூட்டு சில வாரங்களில் ஆறிவிடும். வால்வு ஆறாது, தழும்பேறிச் சுருங்கும். 21 நாளுக்கு ஒருமுறை போடும் பென்சாதின் பெனிசிலின் ஊசி, அந்தக் கிருமி மீண்டும் தொற்றி வால்வை மேலும் கெடுக்காமல் தடுப்பதற்கானது. இந்தியாவில் இது இன்றும் ஏழைகளின் நோய். ஒரே அறையில் பலர் உறங்கும் வீடுகளின் நோய்.

அக்காவின் இதயத்தில் இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. வழி குறுகியதால் மேலறை ஆண்டுக்கணக்கில் விரிந்து, ஒழுங்கான துடிப்பை இழந்து நடுங்கத் தொடங்கியிருந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று இதற்குப் பெயர். மணிக்கட்டில் ஒரு நிமிடம் விரல் வைத்தவருக்குக் கிடைத்த தடயம் இந்த ஒழுங்கின்மைதான். நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். உறைந்த துணுக்கொன்று கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். காலுக்குப் போனால் கால் குளிர்ந்து கறுக்கும். சிறுநீரகத்துக்குப் போனால் விலாப்புற வலி. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள சிறுநீரகங்கள், இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பெறுகின்றன. அவற்றுள் செல்லும் தமனியின் கிளைகள் ஒன்றோடொன்று இணையாதவை. ஒரு வாய்க்கால் அடைபட்டால் அந்தப் பாத்திக்கு வேறு தண்ணீர் இல்லை. சில மணி நேரத்தில் திசு இறக்கத் தொடங்குகிறது. சிறுநீரக இன்ஃபார்க்ஷன் என்பது இதுவே.

இது ஏன் கல் என்று தோன்றுகிறது என்றால், வெளியே தெரிபவை எல்லாம் கல்லின் அடையாளங்களே. வலி அதே இடம். வாந்தி உண்டு. சிறுநீரில் சில சிவப்பணுக்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஓரிரு நாளில் காய்ச்சலும் வெள்ளணு உயர்வும் சேர்ந்தால் சிறுநீரகத் தொற்று என்றும் மயங்கலாம். கிரியாட்டினின் அளவு இயல்பாகவே இருக்கக்கூடும். மறு சிறுநீரகம் வேலையை ஏற்றுக்கொள்கிறது. கல்லைத் தேடுவதற்கென்றே எடுக்கும் சாதாரண சி.டி. ஸ்கேனில், கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாததால், இறந்த திசுவும் உயிருள்ள திசுவும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். கல்லைத் தேடும் கருவி கல் இல்லை என்பதை மட்டும்தான் சொல்லும். எதுவும் இல்லை என்று அது சொன்னதாக நாம்தான் எடுத்துக்கொள்கிறோம்.

துப்புக் கொடுப்பது ஒரு மலிவான இரத்தப் பரிசோதனை: எல்.டி.எச். செல்கள் இறக்கும்போது கசியும் நொதி அது. கல்லீரல் நொதிகள் பெரிதாக ஏறாமல், மாரடைப்பும் இல்லாமல், விலாப்புற வலியுடன் எல்.டி.எச். மட்டும் பல மடங்கு உயர்ந்திருந்தால், சிறுநீரகத்துக்கு இரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கான்ட்ராஸ்ட் செலுத்திய சி.டி. வேண்டும். அக்காவுக்கு எடுத்தபோது திரையைக் காட்டினார்கள். வலச் சிறுநீரகம் முழுவதும் வெண்மையாக ஒளிர்ந்தது. இடச் சிறுநீரகத்தில் தர்பூசணிக் கீற்றைப் போல ஒரு முக்கோணம் கறுப்பாக நின்றது. அதன் வெளி விளிம்பில் மட்டும் மெல்லிய வெண்கோடு. சிறுநீரகத்தின் மேலுறைக்குத் தனியே இரத்தம் கொண்டுவரும் சிறு நாளங்கள் காப்பாற்றி வைத்த விளிம்பு அது. தொற்றால் வரும் கறுப்பிலிருந்து இதைப் பிரித்தறிய அந்தக் கோடு உதவும் என்றார் மருத்துவர். எக்கோவில் மேலறையில் இன்னொரு உறைகட்டி இருந்தது. அது இன்னும் கிளம்பவில்லை.

‘கல் போயிருக்கும்’ என்ற வாக்கியத்தோடு வீட்டில் இருந்திருந்தால் அந்த இரண்டாவது கட்டி எங்கே போயிருக்கும் என்பதை வார்டில் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இரண்டு படுக்கை தள்ளி, அக்காவின் வயதையொத்த ஒரு பெண், அதே வால்வு நோயால் வலக்கையும் பேச்சும் இழந்து கிடந்தார்.

மருத்துவம் ஹெப்பாரினில் தொடங்கியது. தமனியின் முதன்மைக் குழாயே அடைபட்டு, சில மணி நேரத்துக்குள் நோயாளி வந்து சேர்ந்தால், குழாய் செலுத்தி அடைப்பைக் கரைக்கவோ உறிஞ்சி எடுக்கவோ முயல்வதுண்டு. மூன்றாம் நாளில் அதனால் பயன் குறைவு. இறந்த கீற்று இறந்ததுதான். இனி உறையாமல் பார்ப்பதே வேலை. பிறகு அசெனோகூமரால் மாத்திரை. நம் ஊர்களில் ‘அசிட்ரோம்’ என்றால் தெரியும். இதற்கு ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை அடிக்கடி செய்து, அளவை 2-க்கும் 3-க்கும் இடையில் நிறுத்த வேண்டும். பரிசோதனையே தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டனவே, ஏன் இந்த அலைச்சல் என்று நான் கேட்டேன். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்கு அவை பொருந்தவில்லை என்றார்கள். 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், இத்தகைய 4,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் புதிய வகை மாத்திரையான ரிவராக்ஸபானையும் பழைய வகை மருந்தையும் ஒப்பிட்டபோது, பழையதைப் பெற்றவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. புதிய மருந்துகளின் முதல் ஆய்வுகளில் இந்த நோயாளிகள் சேர்க்கப்படவே இல்லை என்பதையும் வாசித்தபோது எரிச்சல் வந்தது. ஆய்வு மாணவர்கள் ‘தரவில் இல்லாதவர்கள்’ என்று பேசுவோமே, அவர்கள் இவர்கள்தான்.

கல் இல்லாத விலாப்புற வலி என்றால் எல்லாருக்கும் ஹெப்பாரின் போட்டுவிடலாமா? கூடாது. நான் வாசித்தவற்றுள் என்னை அதிகம் அசைத்த செய்தி இதுதான். இதே இடத்தில் இதே திடீர் வலி, ஹெப்பாரின் கொடுத்தால் ஆளையே கொல்லக்கூடிய வேறொரு காரணத்தாலும் வரும். அடிபடாமலேயே சிறுநீரகத்தைச் சுற்றி இரத்தம் கசிந்து தேங்குவது வுண்டர்லிக் நோய்க்குறி. 1856இல் அதை விவரித்தவர் லைப்சிக்கில் பணியாற்றிய கார்ல் வுண்டர்லிக். காய்ச்சலைத் தெர்மாமீட்டரால் அளப்பதை மருத்துவத்தில் நிலைநாட்டியவரும் அவரே. பெரும்பாலும் ஆஞ்சியோமயோலிப்போமா என்னும் கட்டி உடைவதால் நேர்வது. கொழுப்பும் தசையும் பலவீனமான இரத்தநாளங்களும் பின்னிய, புற்றல்லாத கட்டி அது. 4 சென்டிமீட்டரைத் தாண்டினால் உடையும் ஆபத்து ஏறுகிறது, கருவுற்ற காலத்தில் இன்னும் ஏறுகிறது. வலியோடு முகம் வெளிறி, வியர்த்து, இரத்த அழுத்தம் சரிந்து, விலாப்புறத்தில் கைக்குத் தட்டுப்படும் வீக்கமும் இருந்தால் இதை நினைக்க வேண்டும். இரத்தம் ஏற்றி, கசியும் நாளத்தைக் குழாய் வழியே அடைப்பதே மருத்துவம். ஒருவருக்கு அடைப்பைத் திறக்க வேண்டும், மற்றவருக்குத் திறந்ததை அடைக்க வேண்டும். இருவரும் மருத்துவரிடம் சொல்லும் வாக்கியம் ஒன்றே.

தண்ணீர் குடியுங்கள் என்ற அறிவுரையும் எல்லாருக்கும் பொருந்துவதில்லை. சிறுநீரகத்திலிருந்து குழாய் தொடங்கும் வாய் பிறவியிலேயே குறுகியிருப்பவர்களுக்கு, நிறையக் குடித்த சில மணி நேரத்தில் சிறுநீரகம் ததும்பி வலி பீறிடும்; பிறகு தானே வடியும். வலி தணிந்த பிறகு ஸ்கேன் எடுத்தால் வீக்கம் குறைந்திருக்கும். அப்போதும் ‘கல் போயிருக்கும்’தான். போலந்தின் கிராக்கோவ் நகர மருத்துவர் யூஸெஃப் டீட்டல் பெயரால் இதை டீட்டல் நெருக்கடி என்கிறார்கள். அவர் 1864இல் எழுதியது இடம்பெயர்ந்து அலையும் சிறுநீரகத்தைப் பற்றி. பெயர் தங்கிவிட்டது, பொருள் நகர்ந்துவிட்டது. வலி இருக்கும்போதே ஸ்கேன் எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் குறுகிய வாயை அறுவையால் சீராக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளிடம் தொற்று முற்றிச் சிறுநீரகத்துக்குள்ளேயே வாயு உருவாகும் எம்ஃபிசிமேட்டஸ் பைலோநெஃப்ரைட்டிஸ் நம் நாட்டில் அத்தனை அரிதும் அன்று. சி.டி.யில் வாயு கறுப்புக் குமிழ்களாகத் தெரியும். முன்பெல்லாம் சிறுநீரகத்தையே எடுத்துவிடுவார்கள். இன்று பலரை ஆன்டிபயாட்டிக்கும் தோல் வழியே செலுத்தும் வடிகுழாயும் காப்பாற்றுகின்றன, தாமதிக்காமல் வந்தால். சிறுநீரில் புரதம் கொட்டிக் கால் முகம் வீங்கியிருப்பவர்களுக்கு இரத்தம் எளிதில் உறையும். சிறுநீரகத்தின் சிரையே அடைபட்டு வலி வரலாம். இவர்களுக்கு ஹெப்பாரின் உண்டு. அரிவாள் செல் மரபணு உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தின் உட்காம்பு அழுகி உதிர்ந்து, உதிர்ந்த துண்டே கல்லைப் போல அடைக்கும். நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த மரபணு 1952லேயே பதிவாகிவிட்டது. மத்திய இந்தியப் பழங்குடிகளிடமும் பரவலாக உண்டு. ஆகவே ‘எந்த ஊர், எந்தச் சனம்’ என்ற கேள்விக்கும் அவசரப் பிரிவில் இடம் இருக்கிறது, நல்ல நோக்கத்தோடு கேட்டால்.

இவற்றையெல்லாம் வாசித்த பிறகு என் குறிப்பேட்டில் கேள்விகளை நோயாளியின் தமிழில் எழுதிப் பார்த்தேன். சின்ன வயசுல முட்டி வீங்கி ஊசி போட்டீங்களா? நெஞ்சு சும்மாவே படபடன்னு அடிக்குதா? ஒண்ணுக்குப் போனா நுரையா நிக்குதா? தண்ணி நெறைய குடிச்சா வலி கூடுதா? எழுந்து நின்னா கண்ணு இருட்டுதா? ஒவ்வொன்றும் மேலே சொன்ன நோய்களுள் ஒன்றின் கதவைத் தட்டுகிறது. ‘சிறுநீரகத் தமனி அடைப்புக்கான அபாயக் காரணிகள் ஏதும் உண்டா’ என்று எந்த நோயாளியையும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் ‘இதய நோய் உண்டா’ என்பதும் ஏறக்குறைய அத்தகைய கேள்வியே என்பது எனக்கு அந்த அவசரப் பிரிவில்தான் உறைத்தது.

வலியின் சொற்களைத் தொகுப்பதற்கு நீண்ட மரபு உண்டு. ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்தது. தமிழில் அதைப் பெயர்க்க முனைபவர் முதலில் திணறுவது பெயரடைகளில்தான். ஏனென்றால் நாம் வலியைப் பெயரடைகளால் வகைப்படுத்துவதில்லை. ஒலிக்குறிப்புகளாலும் வினைகளாலும் சொல்கிறோம். சுருக்கென்று குத்துகிறது, விண்விண் என்று தெறிக்கிறது, கடுகடு என்று கடுக்கிறது, குடைகிறது, இழுக்கிறது, பிசைகிறது. இரட்டைக்கிளவியைத் தொல்காப்பியம் தனியே கவனித்தது. 1969இல் எமனோ இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்களை இந்திய மொழிகள் குடும்பம் கடந்து பகிர்ந்துகொள்ளும் பண்பாகக் காட்டினார். அதனால்தானோ என்னவோ, அக்காவின் ‘வுட்டு வுட்டு’, மருத்துவரின் ‘ருக்-ருக் கர்’ என்பதற்குள் ஒரு சேதாரமும் இல்லாமல் போய் உட்கார்ந்தது. கமர் செய்த கலவரத்தை இந்த இரட்டிப்பு ஈடுகட்டியது. இதை மிகைப்படுத்த விரும்பவில்லை. நோயைக் கண்டுபிடித்தது மொழியியல் அன்று. மணிக்கட்டில் ஒரு முழு நிமிடம் இருந்த விரல்.

அப்பருக்கு வந்த சூலை கல்லா குடல்வாலா என்று பட்டிமன்றம் நடத்துவோரை இணையத்தில் பார்க்கிறேன். தொன்மத்துக்கு ஸ்கேன் எடுக்கும் அந்த விளையாட்டில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் சூலை என்ற சொல் குத்தி வாங்கும் வலியைச் சுட்டியதே தவிர, அதன் காரணத்தை முன்கூட்டியே முடிவு செய்யவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ‘கல்’ அப்படியன்று. அது வலியின் பெயராகவும் காரணத்தின் பெயராகவும் ஒரே மூச்சில் வருகிறது.

அக்கா பதினோரு நாட்கள் வார்டில் இருந்தார். மகளுக்கு ஒரு வீட்டு வேலை போனது. மூன்று மாதம் மாத்திரை எடுத்த பிறகு மேலறைக் கட்டி கரைந்திருந்தது. கட்டி இருக்கும்வரை வால்வைத் தொட முடியாது என்பதால் அதுவரை காத்திருந்து, தொடைநரம்பு வழியே பலூனைச் செலுத்திச் சுருங்கிய வால்வை விரித்தார்கள். இப்போது ஊரில் இருக்கிறார். மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். பார்க்கப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் போய் வருகிறார். கீரையே தொடக்கூடாது என்று யாரோ சொல்ல, சில வாரம் அறவே விட்டிருக்கிறார். பிறகுதான் கீரையை விடவேண்டியதில்லை, ஒரு வாரம் குவித்துத் தின்று மறுவாரம் நிறுத்தாமல் ஒரே சீராக உண்டால் போதும் என்று தெரிந்தது. மருந்துக்கடையில் வலிமாத்திரை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. இந்த மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும், எஞ்சிய சிறுநீரகத்துக்கும் கேடு. இருபத்தொரு நாள் ஊசியை மறுபடியும் தொடங்கியிருக்கிறார்கள். இன்னும் உயிர் போகிற ஊசிதான் என்கிறார்.

இறுதியாக ஓர் உதவி. விலாவுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட அந்த இடத்துக்கு உங்கள் வட்டாரத்தில் என்ன பெயர்? அள்ளை எந்த ஊர்வரை வழங்குகிறது? வலி விடாமல் இருப்பதற்கும் விட்டுவிட்டு வருவதற்கும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தச் சொற்களைக் கையாள்கிறார்கள்? வாதக் காய்ச்சலுக்கு உள்ளூர்ப் பெயர் ஏதும் உண்டா? ஊரின் பெயர், சொல்பவரின் ஏறத்தாழ வயது, முடிந்தால் அவர் சொன்ன முழு வாக்கியம் ஆகியவற்றுடன் எழுதுங்கள். அந்த மருத்துவருக்கு ஒரு பட்டியல் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் பிரிவுக்கு வாரம் ஒருவராவது தமிழ் மட்டும் பேசுபவர் வருகிறாராம்.